வால் துடுப்பில் இருந்த 2.5 கிலோ: டிரெய்லரில் போன ஒரு கிளைடரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தெற்கு ஜெர்மனியில் ஸ்வேபியன் ஆல்ப் மலைச்சரிவை ஒட்டிய ஒரு கிளைடர் சங்கத்திலிருந்து, ஒரு மே மாதம் ஐந்து பேர் மூன்று கிளைடர்களோடு பிரான்சின் தெற்கு ஆல்ப்ஸுக்குக் கிளம்பினோம். போக வேண்டிய இடம் செர் என்ற சிற்றூரை ஒட்டிய விமானத்தளம். 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். இங்கே எழுதுவது அந்த மூன்றில் ஒன்றைப் பற்றி. அது என்னுடையது இல்லை. ஆனால் பயணத்திலும் பரிசோதனையிலும் பழுதுபார்த்த வாரங்களிலும் கூடவே இருந்தேன். உரிமையாளர்கள் இருவருடைய சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அது 15 மீட்டர் இறக்கை கொண்ட ஒற்றை இருக்கை கிளைடர். கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் சேர்த்துச் செய்தது, வயது 40-ஐத் தாண்டிவிட்டது. வெற்று எடை 245 கிலோ. பறந்து முடித்ததும் இரண்டு இறக்கைகளையும் கிடைவாலையும் கழற்றி, எட்டரை மீட்டர் நீளமுள்ள மூடிய டிரெய்லருக்குள் அடுக்கிவிடலாம். கிளைடர் ஓட்டுபவர்களுக்கு இது பழகிப்போன வேலை. காற்று கைவிட்டால் ஒருவர் எங்கோ ஒரு வயலில் இறங்குவார், இன்னொருவர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டி வருவார். அப்படிப் பார்த்தால் ஒரு கிளைடர் தன் ஆயுளில் சாலையிலும் நிறையவே ஓடுகிறது. பறக்கும்போது உடற்பகுதி படும் பாட்டை வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். டிரெய்லருக்குள் அது படும் பாடு, பழைய டிரெய்லர்களில், பெரும்பாலும் உரிமையாளரின் தச்சு வேலையைப் பொறுத்தது.

உரிமையாளர்கள் இருவர். மூத்தவர் 60 வயதைக் கடந்தவர், பாராசூட்டோடு 98 கிலோ. இளையவர் பொறியியல் படிக்கும் மாணவி, பாராசூட்டோடு 66 கிலோ. இந்த 32 கிலோ வித்தியாசம் இந்தக் கதையில் பிறகு முக்கியமாகும்.

டிரெய்லரும் அதன் தாங்கியும்

டிரெய்லர் பழையது, வேறொரு ரக கிளைடருக்காகச் செய்தது. கிளைடர் உள்ளே போகும்போது வால் காரின் பக்கமும் மூக்கு பின்கதவுப் பக்கமும் இருக்கும். இறக்கைகள் இணையும் இடத்துக்கு நேர் கீழே உடற்பகுதி ஒரு தொட்டிலில் உட்காரும். டிரெய்லரின் முன்பக்கத் தரையில் வால் சக்கரம் இறங்கி உட்காருவதற்கு ஒரு பள்ளம் இருந்தது. இந்தக் கிளைடருக்கு அந்தப் பள்ளம் சுமார் 30 செ.மீ. தள்ளிப் போய்விட்டது. உடற்பகுதியை முன்னால் நகர்த்தினால் தொட்டில் பொருந்தாது, காரின் கொக்கியில் இறங்கும் பாரமும் கூடிவிடும்.

மூத்தவர் 12 வருடங்களுக்கு முன்பு எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். வால் சக்கரத்துக்கு 1.3 மீட்டர் பின்னால், தொட்டிலை நோக்கி வரும் வழியில், டிரெய்லர் தரையில் ஒரு குறுக்குச் சட்டம் ஓடுகிறது. அதன் மேல் இரண்டு ஒட்டுப்பலகைகளைச் சேர்த்து, வால்தண்டு (உடற்பகுதியிலிருந்து வால்வரை நீளும் மெல்லிய குழல்) உட்காரும்படி வளைவாக அறுத்து, மேலே தரைவிரிப்புத் துண்டு ஒட்டி ஒரு தாங்கி செய்தார். வால்தண்டைத் தொட்ட பரப்பின் அகலம் 36 மி.மீ., அதாவது இரண்டு விரல். வால் சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். தாங்கிக்கு நேர் மேலே ஒரு பட்டை போட்டு இறுக்குவார்கள்.

ஒன்பது வருடம் ஒரு குறையும் இல்லை. ‘இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே’ என்று அவர் பின்னால் பலமுறை சொன்னது இந்த ஒன்பது வருடத்தை வைத்துத்தான்.

வாலில் ஏன் பேட்டரி

சம்பவத்துக்கு மூன்று வருடம் முன்பு, டிரான்ஸ்பாண்டரும் (ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவி) மோதல் எச்சரிக்கைக் கருவியும் சேர்ந்தபோது ஒரு பேட்டரி போதவில்லை. இருக்கைக்குப் பின்னால், சக்கரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரண்டாவதை வால் துடுப்புக்குள், அதாவது செங்குத்தாக நிற்கும் வாலின் உள்ளே, முறையான அனுமதியோடு பொருத்தினார்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. கையில் எடுத்தால் ஒரு செங்கல் கனம், சுமார் 2.5 கிலோ.

வாலைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனமான ஆள் உட்கார்ந்தால் கிளைடரின் ஈர்ப்பு மையம் முன்னால் போகும், கிளைடர் கொஞ்சம் மந்தமாகும். வாலில் சிறிது எடை வைத்தால் அது பின்னால் வரும். இந்தக் கிளைடரில் வால் பேட்டரி ஈர்ப்பு மையத்திலிருந்து ஏறக்குறைய 3.9 மீட்டர் பின்னால் இருக்கிறது. விமானி சுமார் 85 செ.மீ. முன்னால் உட்காருகிறார். நெம்புகோல் கணக்குப்படி வாலில் உள்ள 2.5 கிலோவை ஈடுகட்ட இருக்கையில் 11 கிலோவுக்கு மேல் வேண்டும். மூத்தவருக்கு அது வசதி. மாணவிக்கு ஆகாது, அவர் பறக்கும்போது வால் பேட்டரியை எடுத்துவிட வேண்டும் என்று எடைத்தாளிலேயே குறித்திருந்தது.

பறப்பதற்கு எப்போது பேட்டரி இருக்கலாம், எப்போது கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். சாலையில் போகும்போது இருக்கலாமா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

புறப்பட்ட இரவு

வெள்ளிக்கிழமை மாலை மூத்தவர் 20 நிமிடம் ஒரு சோதனைப் பறப்பு செய்துவிட்டு இறங்கினார். மேற்கே இடி மின்னல் கட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் சேர்ந்து அவசரமாகக் கழற்றினோம். வால் பேட்டரியை எடுக்கும் வாய் துடுப்பின் உச்சியில், கிடைவாலுக்கு அடியில் இருக்கிறது. கிடைவாலைக் கழற்றிய பிறகு ஒரு நிமிட வேலைதான். வழக்கமாகச் சார்ஜ் போடுவதற்காக எடுத்துவிடுவார்கள். அன்று 20 நிமிடம்தானே பறந்தது, முழுச் சார்ஜ் இருக்கிறது என்று அப்படியே விட்டு மூடினார்கள். மூடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமை விடியும் முன் கிளம்பினோம். ஜெர்மன் நெடுஞ்சாலையில் டிரெய்லருக்குப் பொதுவாக 80 கி.மீ. வேகம்தான், தனி அனுமதி ஸ்டிக்கர் இருந்தால் 100. அந்த ஸ்டிக்கருக்கு டயர்கள் ஆறு வருடத்துக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். எங்களுடையவை அப்படியே இருந்தன. சுவிஸ் எல்லையில் காருக்கு ஒரு நெடுஞ்சாலை வில்லை, டிரெய்லருக்குத் தனியாக இன்னொன்று. இதை முதல்முறை கேட்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் வாதாடிப் பார்ப்பார்கள். கிரெனோபிள் தாண்டி நெடுஞ்சாலை முடிந்ததும் மலைச்சாலை, 1,179 மீட்டர் உயரத்தில் குருவா ஓத் கணவாய், அதன் இரு பக்கமும் கிராமங்கள். ஒவ்வொரு கிராம வாசலிலும் வேகத்தடை. மூத்தவர் நிதானமாக ஓட்டுபவர்தான். ஆனால் கடைசி நூறு கிலோமீட்டரில் எல்லோருக்கும் களைப்பு. நாலைந்து வேகத்தடைகளில் பின்னால் டிரெய்லர் ‘தடால்’ என்று இறங்கியது அடுத்த காரில் வந்த எனக்கே தெரிந்தது.

செர் தளத்தில் கண்டது

ஞாயிறு காலை கிளைடரைப் பூட்டுவதற்கு முன்பு மாணவி ஈரத்துணியால் வால்தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடிப்பக்கத்தில் துணி போன இடத்தில் நகம் லேசாகத் தட்டியது. குனிந்து பார்த்தார். ஜெல்கோட் என்ற வெள்ளை மேல்பூச்சில் மயிரிழை மாதிரி இரண்டு கோடுகள், வால்தண்டின் குறுக்கே, ஒன்றுக்கொன்று இணையாக. அளந்தபோது இடைவெளி 36 மி.மீ. டிரெய்லரில் இருந்த தாங்கியின் அகலம் அதேதான். தரைவிரிப்பைத் தொட்டுப் பார்த்தோம். நடுவில் மட்டும் மெத்தென்று இருந்தது. இரண்டு ஓரங்களிலும் நார் தேய்ந்து, ஒட்டுப்பலகையின் கூர்முனை விரலில் பட்டது.

அதே குறுக்குக்கோட்டில், வால்தண்டின் மேல்பக்கத்தில், இன்னும் மெல்லிய ஒரு வளைகோடு. அது வெயிலில் ஒரு கோணத்தில் பார்த்தால்தான் தெரிந்தது.

மூன்றாவது அடையாளம் காதில் விழுந்தது. வாலைத் தூக்கிப் பக்கவாட்டில் நகர்த்தியபோது துடுப்புக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். மூடியைத் திறந்து கையை விட்டால் பேட்டரி மேலும் கீழும் நாலைந்து மி.மீ. ஆடியது. மேலே அழுத்திப் பிடிக்க வேண்டிய ஸ்பாஞ்ச், மூன்று வருடத்தில் அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டிருந்தது. பேட்டரியை எடுத்துவிட்டு டார்ச் அடித்தோம். அது உட்காரும் அடுக்குத்தகடு, துடுப்பின் ஒரு சுவரோடு ஒட்டியிருந்த விளிம்பில் பசை விட்டு ஒரு கறுப்புக் கோடாகத் திறந்திருந்தது.

பறப்பதா வேண்டாமா

வானம் அன்று அருமையாக இருந்தது. பத்து மணிக்கே மலைமுகடுகளில் மேகம் பூத்துவிட்டது. வருடத்துக்கு ஒரே ஒரு வாரம், அதன் முதல் நாள்.

மூத்தவர் சொன்னது, இந்த வயது கிளைடரில் ஜெல்கோட் வெடிப்பு சகஜம், வால் பேட்டரியை எடுத்துவிட்டு முன் பேட்டரியோடு பறக்கலாம் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜெல்கோட் என்பது மேல்பூச்சு, அது பாரம் தாங்குவதில்லை. வெயிலிலும் குளிரிலும் பழைய ஜெல்கோட் வலைப்பின்னலாக வெடிப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வயதால் வரும் வெடிப்பு பரவலாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். இங்கே இரண்டு கோடுகள் அளவெடுத்துக் கிழித்த மாதிரி தாங்கியின் விளிம்புகளில் நின்றன. மாணவி, “வேறெங்கும் இல்லாத வெடிப்பு சரியாக இங்கே மட்டும் ஏன் வரணும்?” என்று கேட்டார். அதற்கு மூத்தவரிடம் பதில் இல்லை.

சங்கத்தின் பரிசோதகருக்குப் போன் போட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களை அனுப்பினோம். அவர் முதலில் கேட்டது வெடிப்பைப் பற்றி இல்லை, டிரெய்லரில் எங்கெங்கே தாங்கியிருக்கிறது என்று. அப்புறம் ஒரு நாணயத்தால் வெடிப்பைச் சுற்றித் தட்டச் சொன்னார். நல்ல இடத்தில் சத்தம் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் மொத்தையாகக் கேட்கும். அடிப்பக்கக் கோடுகளுக்கு நடுவே, கட்டைவிரல் அளவு இடத்தில் சத்தம் மாறியது. மாறியது போல இருந்தது என்று சொல்வதுதான் சரி. ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கேட்டது, இருவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முடிவு அங்கேயே ஆயிற்று, பறக்க வேண்டாம் என்று. காரணம் எளிது. ஜெல்கோட்டைச் சுரண்டிப் பார்க்காமல் இழை அடுக்கு நல்லா இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அங்கே சுரண்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட உரிமம் உள்ளவர் எங்கள் குழுவில் யாரும் இல்லை. வால்தண்டு போனால் மேலே மாற்று வழி எதுவும் கிடையாது. மூத்தவர் அரை மணி நேரம் தளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, “சரி, கட்டி வைப்போம்” என்றார். மற்ற இரண்டு கிளைடர்களையும் ஐவரும் முறைவைத்துப் பறந்தோம். அந்த வாரம் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த விதம்

அடிபட்ட வால்தண்டை அதே தாங்கியில் வைத்து இன்னொரு 800 கி.மீ. கொண்டுபோக முடியாது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பயனுள்ளதாகப் பட்ட பகுதி இதுதான். ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

தாங்கியைக் கழற்றி எடுத்தோம். பாரம் வால் சக்கரத்தில் இறங்க வேண்டும். தரையிறங்கும்போதும் தரையில் ஓடும்போதும் அடி வாங்குவதற்கென்றே பலப்படுத்திய இடம் அது. அங்கே டிரெய்லர் தரையில் சட்டம் இல்லை, வெறும் மெல்லிய ஒட்டுப்பலகை. பக்கத்து ஊர்க் கடையில் ஒரு கனத்த பலகை வாங்கி, இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு இடையே பாலமாகப் போட்டு ஆணிப்பூட்டு போட்டோம். அதே கடையில் தள்ளுவண்டி டயர் ஒன்று, ட்யூபோடு. அதை அரைக்காற்றோடு பலகை மேல் படுக்க வைத்துக் கட்டினோம். கிளைடரின் வால் சக்கரம் டயரின் நடு ஓட்டையில் பாந்தமாக உட்கார்ந்தது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராதபடி துடுப்பின் அடியைச் சுற்றி இரண்டு மெத்தைப் பட்டைகள். இழுத்து நெரிக்கவில்லை, ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும்.

எந்த மாற்றம் செய்தாலும் கொக்கியில் இறங்கும் பாரம் மாறும். குளியலறைத் தராசு ஒன்றைக் கடன் வாங்கி, டிரெய்லரின் மூக்கை அதன் மேல் வைத்துப் பார்த்தோம். 68 கிலோ. எங்கள் கொக்கியின் வரம்பு 75. கருவிப் பெட்டியை அச்சுக்கு மேலே நகர்த்தியதும் 60-க்கு வந்தது. மிகவும் குறைந்துவிடவும் கூடாது. மூக்கு லேசான டிரெய்லர் வேகத்தில் பாம்பு மாதிரி நெளியும், அப்போது வால் பக்கவாட்டில் வாங்கும் அடி மோசமானது.

வெடிப்புகளின் நுனிகளைப் பென்சிலால் குறித்து, தேதி போட்டுப் படம் எடுத்தோம். பேட்டரிகள் இரண்டும் காருக்குள், முனைகளுக்கு மூடி போட்டு, தனிப் பெட்டியில். (ஏழு ஆம்பியர்-மணி பேட்டரிதானே என்று கருவிகளோடு சேர்த்துப் போட்டால், முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் போதும், அது பழுக்கக் காய்ந்துவிடும்.) எங்கும் 80-ஐத் தாண்டவில்லை. மணிக்கொரு முறை நிறுத்திப் பட்டைகளைப் பார்த்தோம். ஊர் வந்து சேர்ந்தபோது வெடிப்புகள் பென்சில் குறிகளைத் தாண்டவில்லை.

பட்டறையில்

பரிசோதகர் ஜெல்கோட்டை உள்ளங்கை அளவுக்குத் தேய்த்து எடுத்தார். ஜெல்கோட் போனதும் கண்ணாடி இழை அடுக்கு பச்சை கலந்த தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருக்கும். வால்தண்டுக்குள் ஒரு விளக்கை விட்டு வெளியிலிருந்து பார்த்தால், பிரிந்த இடம் பால் சிந்திய மாதிரி வெளுத்துத் தெரியும். அடிப்பக்கம் நாணயம் மாறிச் சொன்ன அதே இடத்தில் அப்படி ஒரு வெள்ளைத் திட்டு. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. வெளி அடுக்குகள் மட்டும் நசுங்கியிருந்தன, உள்ளே போகவில்லை. மேல்பக்க வளைகோட்டின் அடியில் இழை சுத்தமாக இருந்தது, அது வெறும் ஜெல்கோட் வெடிப்பு.

சேதமான அடுக்குகளைப் படிப்படியாகச் சரித்துத் தேய்த்து, அதே திசையில் புதிய துணி வைத்து ஒட்டினார்கள். இந்த வகை எப்பாக்ஸி அறை வெப்பத்தில் கெட்டியாகிவிடும், ஆனால் முழுப் பலம் வர 50 டிகிரிக்கு மேல் 15 மணி நேரம் வேண்டும். வால்தண்டைச் சுற்றி ஸ்டைரோஃபோம் பலகைகளால் ஒரு கூடாரம் கட்டி, உள்ளே சின்ன ஹீட்டரும் வெப்பமானியும் வைத்து, மாணவியும் நானும் இரவு முழுக்க முறைவைத்துப் பார்த்தோம்.

துடுப்புக்குள்ளிருந்த அடுக்குத்தகடுதான் படுத்தி எடுத்தது. கை சரியாக எட்டாத இடம். பசை விட்டிருந்த நீளம் 4 செ.மீ.தான். பருத்தித் தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியை வளைந்த குச்சி நுனியில் எடுத்து, பல் மருத்துவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பூச வேண்டியிருந்தது. வால்தண்டைவிட இதற்குத்தான் அதிக நாள் போனது. முடிந்ததும் கிளைடரை மறுபடி எடை போட்டு, எடைத்தாளைப் புதுப்பித்து, ஜூலை முதல் வாரம் பறக்க அனுமதி கிடைத்தது.

காரணம் என்ன

முதல் எண்ணம், வாலில் இருந்த எடை வால்தண்டை வளைத்து உடைத்தது என்பது. கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை. தாங்கியிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி 2.5 கிலோ என்றால் வளைவிசை சுமார் 32 நியூட்டன்-மீட்டர். மேடு பள்ளத்தில் அது மூன்று மடங்கானாலும் 100-க்குள். பறக்கும்போது கிடைவால் கொடுக்கும் விசைகள் அதே இடத்தில் இதைப் போல் பல மடங்கு வளைவிசையை உண்டாக்கும். அதைத் தாங்கத்தான் வால்தண்டு வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் பறக்கும்போது வால்தண்டின் நடுவில் இரண்டு விரல் அகலத்தில் யாரும் முட்டுக் கொடுப்பதில்லை. மெல்லிய ஓடு அது. முழுக்குழலாக வளைவைத் தாங்கும், ஒரு புள்ளியில் அழுத்தினால் முட்டை ஓடு மாதிரிதான். இங்கே நெம்புகோலும் சேர்ந்துகொண்டது. தொட்டிலுக்கும் தாங்கிக்கும் நடுவே 2.9 மீட்டர். தாங்கியைத் தாண்டி 1.3 மீட்டரில் தொங்கும் 2.5 கிலோ, தாங்கியின் மேல் 3.6 கிலோவாக இறங்குகிறது. கூடுதலாக வந்த 1.1 கிலோ தொட்டிலின் மேல் குறைகிறது. அதே பேட்டரி வால் சக்கரத்துக்கு நேர் மேலே, வால் சக்கரம் தரையில் ஊன்றி இருந்திருந்தால் வால்தண்டில் அதனால் ஏறும் பாரம் ஏறக்குறைய பூஜ்யம். இருக்கைக்குப் பின்னால் இருந்த முதல் பேட்டரி தொட்டிலுக்கு மேலேயே இருந்ததால் அது எந்தச் சேதமும் செய்யவில்லை.

கிளைடர் பட்டறையில் இருந்த வாரங்களில் வெறும் டிரெய்லரை ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம். ஒரு போனை அச்சுக்கு மேலேயும் இன்னொன்றைத் தாங்கி இருந்த இடத்திலும் ஒட்டி, அதிர்வைப் பதிவு செய்யும் செயலியை ஓட விட்டோம். வேகத்தடையை 30 கி.மீ. வேகத்தில் கடந்தபோது முன்பக்கத்தில் உச்சம் 3 ஜி-யை, அதாவது புவியீர்ப்பைப் போல் மூன்று மடங்கை, ஒட்டியது. வெறும் டிரெய்லர் அதிகமாகத் துள்ளும், அதனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது கீழ்நோக்கிய பக்கம். தரை 1 ஜி-க்கு மேல் வேகமாகக் கீழே விலகும் கணங்கள் பல இருந்தன. அந்தக் கணத்தில் சரியாகப் பிடிக்காத பேட்டரி அடுக்கிலிருந்து எழும்பும், மறுகணம் வந்து அடிக்கும். நாலைந்து மி.மீ. ஆட்டம் என்பது சுத்தியலுக்குப் போதுமான இடைவெளி. அடுக்குத்தகட்டின் பசை விட்டது இதனால்தான் என்பதில் பரிசோதகருக்குச் சந்தேகமே இல்லை.

அடிப்பக்க நசுங்கல் தாங்கியின் விளிம்பால் வந்தது, இதுவும் நிச்சயம். தேய்ந்த தரைவிரிப்பு எத்தனை பங்கு, பேட்டரி எத்தனை பங்கு என்று பிரிக்க முடியவில்லை. பேட்டரி இல்லாமல் ஒன்பது வருடம் ஓடியது, பேட்டரியோடு சில குறுகிய பயணங்கள், பிறகு இந்த நீண்ட பயணம். மேல்பக்க வளைகோட்டை மூத்தவர் மூன்று வருடம் முன்பு வயலில் இறங்கியபோது இறக்கை நுனி பயிரில் மாட்டிக் கிளைடர் சுழன்றதோடு சேர்த்துப் பார்க்கிறார். இருக்கலாம். பரிசோதகர் அதற்குத் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மாற்றியவை

மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, ஈய பேட்டரிக்குப் பதில் சுமார் ஒரு கிலோ எடையுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. எடை குறையும், ஆனால் மூத்தவருக்கு வாலில் வேண்டிய எடையும் சேர்ந்து குறையும், அதற்கு ஈடாக நிரந்தர எடை வைத்தால் மாணவி பறக்க முடியாது. இரண்டாவது, பேட்டரியை முன்னால் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் மூத்தவர் பறக்கும்போது ஈர்ப்பு மையம் 28 மி.மீ.-க்குக் கொஞ்சம் அதிகமாக முன்னே போகும். கேட்பதற்குக் கொஞ்சம்தான், ஆனால் அனுமதித்த மொத்த இடைவெளியே ஒரு சாணுக்கும் குறைவு. மூன்றாவது, பேட்டரி வாலிலேயே இருக்கட்டும், சாலைக்கு முன்பு கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது. மூன்றாவதைத் தேர்ந்தார்கள்.

டிரெய்லரில் வால் சக்கரப் பள்ளத்தை, 12 வருடம் தள்ளிப்போட்ட வேலையை, இரண்டு சனிக்கிழமைகளில் முடித்தார்கள். ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, 30 செ.மீ. நகர்த்தி, அடியில் புதுச் சட்டம் கொடுத்தார்கள். துடுப்புக்குள் ஸ்பாஞ்சுக்குப் பதில் திருகி இறுக்கும் மூடி வந்தது. இனி பேட்டரி ஆடினால் மூடி மூடாது.

இங்கே ஒரு விலகல். சங்கத்தில் இப்போது மூக்கில் மின்மோட்டார் உள்ள கிளைடர் ஒன்றும் இருக்கிறது. அதன் லித்தியம் பேட்டரிகள் ஒவ்வொன்றும் 15 கிலோவை ஒட்டியவை, இறக்கைக்குச் சற்றுப் பின்னால், ஏறக்குறைய தொட்டிலுக்கு மேலே. நெம்புகோல் தொந்தரவு குறைவு, ஆனால் பிடி தளர்ந்தால் அடிப்பது 15 கிலோ. அவற்றையும் வெளியே எடுத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பார்ஹாம் (Parham) விமானத்தளத்தில் அத்தகைய கிளைடர் ஒன்று தரையிறங்கும்போது அதன் பேட்டரி தீப்பற்றியது எங்களுக்கு நினைவிருந்தது. சாலையில் குலுங்கிய பேட்டரியை மூடிய டிரெய்லருக்குள், எட்டாத இடத்தில் வைத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு நடந்தது

புதிய விதி ஆகஸ்டிலேயே ஒரு புதிய தவறைக் கொண்டுவந்தது. வேறொரு தளத்துக்குப் போய்ப் பூட்டும்போது மூத்தவர் வால் பேட்டரியை மாட்ட மறந்துவிட்டார். கிடைவாலைப் பொருத்திய பிறகு அது வெளியே தெரியாது. டிரான்ஸ்பாண்டர் உயிர் பெறாததால் தரையிலேயே கண்டுபிடித்தார். அவருக்கு அது ஆபத்தில்லாத பக்கத்துத் தவறு, ஈர்ப்பு மையம் முன்னால் போகும், அவ்வளவே. மாணவி பறக்கும் நாளில் எடுக்க மறந்தால் அது வேறு கதை. அன்றிலிருந்து பேட்டரி வெளியே இருந்தால் ஒரு சிவப்பு நாடா கட்டுப்பாட்டுக் கம்பியில் தொங்க வேண்டும், பேட்டரி உள்ளே இருந்தால் அந்த நாடா துடுப்பின் மூடித் திருகில் சுற்றியிருக்க வேண்டும். நாடா ஒன்றுதான், ஆகவே ஏதாவது ஓரிடத்தில்தான் இருக்க முடியும். இது மாணவியின் யோசனை.

மறுபடி நடந்தால் வேறு விதமாகச் செய்வோம் என்று நாங்கள் பேசிக்கொண்டவை இரண்டு. பேட்டரியை வாலில் பொருத்தி எடைத்தாளை மாற்றிய அன்றே டிரெய்லரையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். அன்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் டிரெய்லர் பக்கம் போகவில்லை, போக வேண்டும் என்று எந்தப் படிவமும் கேட்கவுமில்லை. இன்னொன்று, வருடாந்திரப் பரிசோதனைக்குக் கிளைடரை மட்டும் கொண்டுபோகும் வழக்கம். இப்போது எங்கள் பரிசோதகர் டிரெய்லரையும் கூடவே கொண்டுவரச் சொல்கிறார். தொட்டிலின் மெத்தை, பட்டைகள், வால் பள்ளம் மூன்றையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளைடருக்கே வருகிறார். சங்கத்தில் சிலர் இதற்கு முணுமுணுக்கிறார்கள். முதல் வருடம் பார்த்த ஏழு டிரெய்லர்களில் இரண்டில் தரைவிரிப்பு தேய்ந்து ஆணித்தலை வெளியே தெரிந்தது.

வால்தண்டின் மேல்பக்க வளைகோட்டில் புது ஜெல்கோட் பூசி, இரு நுனிகளையும் பதிவேட்டில் அளவோடு குறித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த பரிசோதனையில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான் என்று பக்கத்தில் பரிசோதகர் எழுதியிருக்கிறார்.